கண்டெடுத்த ஒலியும் புதைந்த ஒலியும்

பரந்தனிலும் ஒட்டுசுட்டானிலும் செட்டிகுளத்திலும் ஆசிரியப் பணி புரிவோர் படிக்கும் இதழொன்றில் ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுவது தகுமா என்று வினவுவார் உளர். குளத்தில் நீரில்லை, காணிக்கு உறுதியில்லை, இதற்குள் அமெரிக்கரின் கேளிக்கை இசை ஒரு கேடா என்பது அவர்தம் வாதம். அவ்வினாவை நாம் இகழவில்லை. ஆயினும் கேளிக்கை என்று ஒதுக்கப்படும் அவ்விசை, பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்து மடிந்தோரின் பேரப்பிள்ளைகள் ஆக்கியது என்பதை நண்பர்கள் மறந்துவிடலாகாது. அண்மையில் வெளிவந்த இரண்டொரு தட்டுகளை நாம் மீண்டும் மீண்டும் கேட்டோம். ஒன்று பழையது, கண்டெடுக்கப்பட்டது; மற்றையது புதியது.

1961 ஆகஸ்ட் மாதத்தில் நியூயோர்க் நகரின் ‘வில்லேஜ் கேற்’ என்னும் கூடத்தில் ஜோன் கொல்ட்றேன் தம் குழுவினருடன் வாசித்தார். கூடத்தின் புதிய ஒலியமைப்பைச் சோதிக்க எண்ணிய ரிச் அல்டர்சன் என்ற ஒலிப்பதிவாளர், மேடைக்கு மேலே ஒரேயொரு ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு அதனைப் பதிவு செய்தார். விற்பனைக்கென்று செய்த பதிவன்று அது. நாடா பின்னர் கண்ணிற் படாமற் போயிற்று. நியூயோர்க் பொது நூலகத்தின் சேகரிப்பிலே கிடந்த அது, 2023 இலேதான் தட்டாக வெளிவந்தது.

ஒரே ஒலிவாங்கியின் குறை தட்டு முழுவதும் தெரிகிறது. எல்வின் ஜோன்ஸின் மேளம் மற்றெல்லாவற்றையும் மேவி நிற்கிறது. மக்கோய் ரைனரின் பியானோ சில இடங்களில் எட்டத்தில் ஒலிக்கிறது. அடிநாதக் கருவியைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். குறையைக் குறையென்றே சொல்வோம். ஆனால் திருவிழாவில் மேளக்காரருக்கு அருகே இருந்து விடியும்வரை கேட்டுப் பழகிய நமது செவிக்கு இக்குறை அத்துணை உறுத்தவில்லை. எறிக் டொல்பியும் கொல்ட்றேனும் ஒருவரையொருவர் துரத்தி ஊதுகையில் ஜோன்ஸின் கைகள் ஓய்வதில்லை. ‘ஆபிரிக்கா’ என்னும் உருப்படி இருபது நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. கலையகத்துக்கு வெளியே அதனை அவர் வாசித்த பதிவாக இன்று அறியப்படுவது இது ஒன்றே. இதற்காகவே தட்டை வாங்கலாம்.

கண்டெடுக்கப்பட்டதெல்லாம் பொன்னென்று மயங்கவும் வேண்டுவதில்லை. 1963 மார்ச்சில் பதிவாகி, 2018 இல் ‘தொலைந்த தட்டு’ என்ற பெரும் ஆரவாரத்துடன் சந்தைக்கு வந்த கொல்ட்றேனின் வேறொரு பதிவு, நல்லதொரு பணிநாளின் விளைவு, அதற்கு மேலொன்றுமில்லை. ‘தொலைந்தது’ என்ற சொல்லுக்கே இன்று ஒரு விலை இருக்கிறது. அவ்விலையை வாங்குவோர் பெரும்பாலும் வாசித்தவர்கள் அல்லர்.

அந்த 1961 ஐச் சற்று நோக்குவோம். அவ்வாண்டு ஜனவரி 17 ஆம் நாள் கொங்கோவின் முதற் பிரதமர் பற்றிஸ் லுமும்பா கொலையுண்டார். செய்தி வெளிவந்ததும், பெப்ரவரியில், பாதுகாப்புச் சபையின் மண்டபத்துள்ளே கறுப்பு அமெரிக்கர் எழுந்து கூக்குரலிட்டனர். அவர்களுள் பாடகி அபி லிங்கனும் மேளக் கலைஞர் மக்ஸ் றோச்சும் இருந்தனர். ஆபிரிக்கா என்ற சொல் அந்நாளில் வெறும் தலைப்பாக இருந்திருக்க இயலாது. இதற்குச் சில மாதங்கள் முன்னர், 1960 இன் பிற்பகுதியில், லுமும்பா காவலில் அடைபட்டுக் கிடக்கையில், லூயிஸ் ஆம்ஸ்ரோங் அதே நாட்டில் அமெரிக்க அரசின் கலைத் தூதராக ட்றம்பெற் ஊதிக்கொண்டிருந்தார். இக்கதையை யொஹான் கிறிமொன்பிறே என்ற பெல்ஜிய நெறியாளர் 2024 இல் திரைக்குக் கொணர்ந்தார்.

இத்தூதுவர் கூட்டம் நமது தீவையும் விட்டுவைக்கவில்லை. 1958 இல் டேவ் புறூபெக் வந்தார். 1963 இல் டியூக் எலிங்டன் தம் பெருங்குழுவுடன் வந்தார். அதே 1963 பெப்ரவரியில், எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளை இலங்கை அரசு கையேற்றமைக்காக அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியிருந்தது என்பதை மாணவர்கள் இணைத்துப் பார்க்கவேண்டும். செப்டெம்பர் 15 இல் அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில் வெள்ளை வெறியரின் குண்டுக்கு நான்கு கறுப்புச் சிறுமியர் தேவாலயத்துள்ளே இரையாயினர். அவ்வேளை எலிங்டன் அமெரிக்க சுதந்திரத்தின் சாட்சியாக ஆசியாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரை நாம் பழிக்கவில்லை. அவரது இசை அனுப்பியவர்களின் நோக்கத்தைவிடப் பெரிது. கொல்ட்றேன் அச்சிறுமியருக்காக ‘அலபாமா’வை நவம்பரில் பதிவு செய்தார்.

பங்க் இசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் பிறவுண் தாம் வளர்ந்த ஒகஸ்ரா நகரில் 1969 இல் நிகழ்த்திய கச்சேரி ஐம்பதாண்டு கழித்து, 2019 இலேதான் முழுமையாக வெளிவந்தது. இதில் கித்தாரும் ஊதுகுழல்களும் பாடுவோன் குரலும் யாவும் மேளமாகிவிடுகின்றன. தாளத்தின் முதலடியிலே முழுப் பாரமும் விழுகிறது. ஆடுவதற்கான இசைதானே என்று தள்ளுவோர், காத்தான் கூத்து ஆடுவதற்கான இசைதான் என்பதையும் நினைவிற் கொள்க.

புதிய தட்டுக்கு வருவோம். வாடாடா லியோ ஸ்மித் 1941 இல் மிசிசிப்பியின் பருத்தி நிலத்திலே பிறந்த ட்றம்பெற் கலைஞர். விஜய் ஐயர் அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன், பியானோக் கலைஞர். இருவரும் சேர்ந்து 2025 இல் வெளியிட்ட தட்டுக்கு ‘எதிர்த்து நிற்கும் வாழ்வு’ என்று பொருள்படப் பெயரிட்டுள்ளனர். ஆறு உருப்படிகள். ஒன்றின் பெயர் ‘சுமூத்’: தம் மண்ணை விட்டு அகலாது நிற்கும் உறுதியைப் பாலஸ்தீனர் குறிக்கும் சொல். ஒன்றை ஸ்மித் லுமும்பாவுக்குப் படைத்திருக்கிறார். ‘பட்டம்’ என்னும் மற்றொன்றை ஐயர், காசாவில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவரும் கவிஞருமான றிபாத் அல்அரீருக்குப் படைத்திருக்கிறார். 2023 டிசம்பரில் விமானக் குண்டு அவரையும் உடன்பிறந்தாரையும் கொன்றது. தம் சாவை முன்னுணர்ந்தார்போல அவர் எழுதிய கவிதையில் ஒரு பட்டம் பறக்கிறது.

மாணவர் சிலருடன் இருந்து இதனைக் கேட்டோம். மேளமே இல்லை, மெல்லச் செல்கிறது, பொறுமையிழந்தோர் இருந்தனர். “தலைப்பைச் சொல்லாவிட்டால் இது காசாவைப் பற்றியதென்று யாருக்குத் தெரியும், சேர்?” என்று ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. லுமும்பாவுக்கான உருப்படியைப் பொறுத்தவரை அது பொருந்தும் என்றே கருதுகிறோம். அங்கே துயரம் தூரத்து மேகம்போல நிற்கிறது, தலைப்புத்தான் அதனைத் தரைக்கு இழுக்கிறது. ‘பட்டம்’ வேறு. அதிலே ட்றம்பெற் ஓலமிடவில்லை. குழந்தையொன்றை உறங்கவைப்பது போன்ற மென்மையுடன் எழுகிறது, நூல் அறுந்துவிடுமோ என்ற அச்சம் கேட்பவரைப் பற்றிக்கொள்கிறது. தை மாதத்துக் காற்றில் முல்லைத்தீவுக் கடற்கரையில் பட்டம் விட்ட பிள்ளைகளை அறிந்தவர்க்குத் தலைப்புத் தேவையில்லை. கேள்வி கேட்ட மாணவரே அதனை மறுபடியும் போடச் சொன்னார்.

நூலகத்தில் ஒரு நாடா அறுபதாண்டு உறங்கலாம். உறங்குவதற்கு நூலகம் எரியாதிருக்கவேண்டும். யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதை நாம் சொல்லவேண்டியதில்லை. வன்னியில் 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்தபோது, அரிசியும் தறப்பாளும் சுமக்கவே கை போதவில்லை. கோவலன் கூத்தைப் பதிந்த கசெற்றுகள் வளவிலே தாழ்க்கப்பட்டன; பங்கருக்குள் விடப்பட்டன. திரும்பி வந்து தோண்டியோர்க்குப் பூஞ்சணம் பிடித்த பட்டிதான் மிஞ்சியது. அவற்றைக் கண்டெடுத்து வெளியிட எந்தக் கம்பனியும் வரப்போவதில்லை.

ஆயினும் எல்லாப் பழியையும் போரின் தலையில் போட்டுவிட நாம் உடன்படோம். கூத்தைப் பதிந்தோம், கோயில் மேளத்தைப் பதிந்தோம், சாவீட்டில் அடித்த பறையைப் போருக்கு முன்னர்தான் எத்தனை பேர் பதிந்தோம்? அடித்தவரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்திவைத்த சாதியே அவர் அடித்த அடியையும் ஒலிவாங்கிக்கு அப்பால் நிறுத்தியது. ஜாஸின் கதையைக் கேட்டு உருகும் முற்போக்காளருள்ளும் இந்தச் செவிட்டுத்தனம் உண்டு. நாமும் அதற்கு விலக்கல்லர். வாசிப்பவனே தன் கலை இழிவின் அடையாளமென்று அதனைக் கைவிட விரும்புவதும் இதனால்தான். அவனைக் கேளாது அதனைப் பதிந்து நாம் பெருமைப்படவும் உரிமையில்லை.

அல்டர்சனிடம் இருந்தது ஒரேயொரு ஒலிவாங்கி. இன்று உயர்தர வகுப்பு மாணவர் பலர் கையில் கைபேசி இருக்கிறது, மத்தளத்தில் கைவைத்த அண்ணாவிமார் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர், பறையடிப்போரும் வாழ்கின்றனர். அவர்கள் சம்மதித்தால், கூலியும் கொடுத்து, எங்கே எப்போது யார் அடித்தது என்று நாடாவின் மேல் எழுதிவைக்கலாம். ‘வில்லேஜ் கேற்’ தட்டின் உறையில் இரண்டாவது அடிநாதக் கருவியை வாசித்த ஆட் டேவிஸின் பெயரும் இருக்கிறது.