காத்திருத்தல் என்னும் உழைப்பு

ஓவியரைப் பற்றி நாம் வளர்த்து வந்துள்ள கற்பனை ஒன்று உண்டு. திடீரென எழும் ஆவேசம், உறக்கமற்ற ஓர் இரவு, விடியலில் ஒரு பேரோவியம் என்பதே அது. அந்தக் கற்பனையோடு ஆக்னஸ் மார்ட்டின் (1912-2004) என்னும் அமெரிக்க ஓவியரின் பணிக்கூடத்தை நோக்குவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒரு நாற்காலி, ஓர் அளவுகோல், பென்சில், கணக்கு எழுதிய தாள்கள், நீர் கலந்த அக்ரிலிக் வண்ணங்கள், சுவரில் ஒரு சதுரக் கித்தான். இவையன்றி அங்கு வேறு ஆரவாரம் இருந்ததில்லை.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் பிறந்த மார்ட்டின், நியூயார்க் கலையுலகில் பெயர் பெற்றிருந்த 1967ஆம் ஆண்டில், தம் ஓவியப் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு அந்நகரை நீங்கினார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பயணத்திற்குப் பின், நியூ மெக்சிகோ மாநிலத்தின் தனித்த மேட்டுநிலம் ஒன்றில் குடியேறி, வெயிலில் உலர்த்திய மண்கற்களால் தம் கைப்பட வீடு கட்டிக்கொண்டார். மீண்டும் ஓவியம் தீட்டத் தொடங்கியது 1974ஆம் ஆண்டளவில்தான். 1993 முதல் தாவோஸ் என்னும் சிற்றூரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்தபடியே, தாமே காரோட்டித் தம் பணிக்கூடத்திற்குச் சென்று வந்தார். எண்பது வயதைக் கடந்த அந்தக் காலைப்பொழுதுகளே இங்கு நம் சிந்தனைக்கு உரியவை.

அவருடைய முதல் வேலை காத்திருப்பது. மனத்தை வெறுமையாக்கி நாற்காலியில் அமர்ந்திருப்பார். ஓவியம் அஞ்சல் தலையளவில், முழு வடிவோடு மனக்கண்ணில் தோன்றும் என்பது அவர் கூற்று. அது தோன்றும்வரை தூரிகையைத் தொடுவதில்லை. தோன்றிய பின்னரோ, தொடங்குவது கணக்கு. முன்னாளில் ஆறடிச் சதுரமாக இருந்த அவரது கித்தான், முதுமையில் தூக்கி நகர்த்த இயலாமையால் ஐந்தடிச் சதுரமாயிற்று. அந்த 60 அங்குலத்தில் ஒரே அகலமுள்ள ஏழு பட்டைகள் வேண்டுமெனில், ஒவ்வொன்றும் எட்டு அங்குலமும் அங்குலத்தில் ஏழில் நான்கு பங்கும் ஆகும். அஞ்சல் தலையில் கண்டதை ஐந்தடிக்கு விரிக்க, இத்தகைய பின்னங்களைத் தாள் தாளாகக் கூட்டியும் வகுத்தும் அவர் உழைத்தார். உள்ளொளி ஒரு நொடியில் வந்தது. அதற்கு உடல் தருவதற்கோ பள்ளிச் சிறுமியின் பொறுமை தேவைப்பட்டது.

அடுத்து வருவது வண்ணம். 1960களின் நடுவில் மார்ட்டின் எண்ணெய் வண்ணத்திலிருந்து அக்ரிலிக்கிற்கு மாறினார். இம்மாற்றம் வெறும் வசதி கருதியது என நாம் எண்ணவில்லை. எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும். ஓவியர் திரும்ப வந்து குழைக்கலாம், கலக்கலாம், மனம் மாறலாம். அக்ரிலிக் அச்சலுகையைத் தருவதில்லை. அது செயற்கைப் பிசினில் நிறப்பொடி கலந்த குழம்பு. அதிலுள்ள நீர் ஆவியானதும் நிமிடங்களில் இறுகிவிடும். பின்னர் நீரில் கரையாது. வெள்ளை ஜெஸ்ஸோப் பூச்சின்மேல் நீர்த்த வண்ணத்தை அவர் தயங்காது இழுக்க வேண்டியிருந்தது. நீர்த்த வண்ணம் கீழ்நோக்கி வழியும் ஆதலால் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தித் தீட்டி, முடிந்தபின் கித்தானைத் திருப்பினார். நாம் அடிவானம்போல் கிடக்கக் காணும் பட்டை, தீட்டப்பட்டபோது மழைத்தாரைபோல் நின்ற பட்டையாகும்.

மனத்தில் கண்டதற்கும் கித்தானில் வந்ததற்கும் பொருத்தமில்லை எனில், கத்தியெடுத்துக் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்கினார். அவர் பெயரே பெரும்பொருள் ஈட்டிய காலத்திலும் இவ்வழக்கம் மாறவில்லை. இதனைச் செருக்கு என்பாரும் உளர். நமக்கோ இது செருக்கின் மறுதலையாகவே படுகிறது. தம் கைப்பட்டதெல்லாம் காக்கத் தக்கது என்று எண்ணுவதன்றோ செருக்கு? தமக்குக் காட்டப்பட்ட ஒன்றுக்குத் தாம் கடமைப்பட்டவர் என்று கருதியவரே இவ்வாறு அழிக்க முடியும்.

இவ்வளவு துல்லியம் நாடியவரின் ஓவியங்கள் எந்திரத்தின் வரைபடம் போலிருக்கும் என நாம் எதிர்பார்க்கலாம். நெருங்கி நோக்கினால் அவ்வாறில்லை. அளவுகோலின் ஓரமாகவே ஓடிய பென்சில் கோடு, கித்தானின் நெசவு மேடுகளில் ஏறித் தாழ்வுகளில் விட்டுப்போகிறது. கை அழுத்திய இடமும் தளர்ந்த இடமும் தெரிகின்றன. சற்றே விலகினால் கோடுகள் கரைந்து வெளிர்நீலமும் இளஞ்சிவப்புமாய் ஒரு மென்மூட்டம் எஞ்சுகிறது. அச்சுப்படங்களில் இவ்விரண்டுமே மறைந்துவிடுகின்றன. முழுமையை நோக்கிய மனமும் முழுமையடையாத கையும் சந்திக்கும் அந்த நடுக்கத்திலேயே இவ்வோவியங்களின் உயிர் உள்ளது என்பது நம் கணிப்பு.

இங்கு ஒரு மறுப்பு எழுவது இயல்பே. போர்களும் பசியும் நிறைந்த நூற்றாண்டில் பாலைநிலத்து அறைக்குள் பட்டைகள் வரைந்திருப்பது தப்பித்தல் அன்றோ? 'உலகிற்கு முதுகு காட்டி' என்னும் பொருள்படத் தம் 1997ஆம் ஆண்டு ஓவியத் தொடருக்கு அவரே பெயரிட்டார். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. கள்ளமற்ற அன்பு, மகிழ்ச்சி என அவர் பிற்கால ஓவியங்களுக்குச் சூட்டிய பெயர்கள், கோடுகள் அடக்கமாகச் சொல்வதை உரத்துச் சொல்லிவிடுகின்றன என்னும் குறையும் நமக்கு உண்டு.

ஆயினும் அந்த மகிழ்ச்சி எளிதில் வந்தது அன்று. மனச்சிதைவு நோய் அவரை நெடுங்காலம் வாட்டியது. மருத்துவமனையிலும் அவர் இருக்க நேர்ந்தது. நோயே கலையின் ஊற்று என்னும் மலிவான கதைக்கு அவருடைய பணிக்கூடம் இடம் தரவில்லை. அங்கு நாம் காண்பது குழப்பத்தின் கூத்தன்று. குழப்பத்திற்கு எதிராக நாள்தோறும் ஊன்றப்பட்ட ஒழுங்கு. துன்பத்தை அறியாதவர் அமைதியைத் தீட்டினால் அது அலங்காரமாகும். அறிந்தவர் தீட்டியதை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது.

தாவோஸ் நகரின் ஹார்வுட் அருங்காட்சியகத்தில், எண்கோண அறை ஒன்றில் அவருடைய ஏழு ஓவியங்கள் நிலையாக வைக்கப்பட்டுள்ளன. மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. நடுவே அமர்வதற்கு மஞ்சள் நிற இருக்கைகள் நான்கு உள்ளன. விரைந்து சுற்றி வருவோர்க்கு அங்கு காண்பதற்கு ஒன்றுமில்லை. அமர்ந்து, கண் அந்த மங்கிய வண்ணங்களுக்குப் பழகும்வரை பொறுத்திருப்போர்க்கு ஏழும் ஏழு வேறு ஓவியங்களாகப் பிரிகின்றன. ஓவியர் தம் நாற்காலியில் செய்ததையே அவ்வறை காண்போரிடமும் கேட்கிறது. நம் நாட்களில் அரிதாகிவரும் இந்தக் காத்திருத்தலைச் சோம்பலெனப் பழிக்காமல் உழைப்பென மதிக்கக் கற்பதே, அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.