சொல்வன்மையும் அவையும்: கிரேக்க மரபும் கெடாத் தோட்டங்களும்

பேச்சினால் பிறரை இணங்கவைக்கும் கலையை மேலைநாட்டார் 'ரெட்டரிக்' என்பர். இச்சொல்லுக்குத் தமிழில் நாம் வழங்கிவரும் நிகர்ச்சொற்களே ஆய்வைத் திசைதிருப்பி விடுகின்றன. 'அணியியல்' என்று பெயர்த்தவுடன் அது தண்டியலங்காரத்தின் அருகில் போய் அமர்ந்துகொள்கிறது. உவமையும் உருவகமும் பின்வருநிலையுமே அதன் பொருளாகி விடுகின்றன. 'பேச்சுக்கலை' என்றாலோ பள்ளி மேடையோடு நின்றுவிடுகிறது. இவ்விரு பெயர்ப்புகளிலும் விடுபட்டுப் போவது, அக்கலை எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்னும் வினாவாகும். அவ்வினாவைக் கெடா மாநிலத் தோட்டத் தமிழரின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரேக்க மரபு கூறும் பிறப்புக் கதையில் அழகுணர்ச்சிக்கு இடமில்லை. நிலத் தகராறே அங்கு இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிராக்கூசு நகரில் கொடுங்கோலர் ஆட்சி வீழ்ந்தது. அவர்களிடம் நிலம் இழந்தோர் மீட்புக்காக வழக்கு மன்றங்களை நாடினர். தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க வேண்டிய நிலை. அவ்வேளையில் கோராக்சு, திசியாசு என்னும் இருவர் வாதிடும் முறையை வகுத்துக் கற்பித்தனர் என்று அரிசுடாட்டிலை மேற்கோள் காட்டிச் சிசெரோ எழுதுகிறார். 'கோராக்சு' என்றால் காகம். ஆசிரியருக்குக் கூலி தர மறுத்து வாதிட்ட திசியாசைக் கண்டு, கெட்ட காகம் இட்ட கெட்ட முட்டை என்று மன்றத்தார் நகைத்ததாக ஒரு கதையும் உண்டு. இவ்விருவரும் ஒருவரே என்பாரும் உளர். 'ரெட்டோரிக்கே' என்னும் சொல்லே பிளேட்டோவின் 'கோர்கியாசு' உரையாடலில்தான் முதன்முதல் காணப்படுகிறது என்று எட்வர்ட் சியாப்பா வாதிட்டுள்ளார். கதையின் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், கிரேக்கர் தம் சொற்கலையின் ஊற்றை மன்றத்தில் வைத்தே நினைவுகூர்ந்தனர் என்பது நோக்கத்தக்கது.

தமிழில் இதற்கு இணை தேடுவோர் தண்டியிடம் செல்வதை விடச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குச் செல்வதே பொருத்தம். அங்கு ஆள்வோன் முன் தனித்து நிற்கும் ஒரு பெண் தன்னை அறிமுகப்படுத்திக் கொள்கிறாள், குற்றம் சாட்டுகிறாள், சான்றுப் பொருளை உடைத்துக் காட்டித் தீர்ப்பைப் புரட்டுகிறாள். அரிசுடாட்டில் சொற்பொழிவை மன்றப் பேச்சு, ஆய்வவைப் பேச்சு, புகழ்ச்சிப் பேச்சு என மூவகைப்படுத்துவார். அவற்றுள் முதல்வகைக்கு இதனினும் சிறந்த சான்று நம் மரபில் இல்லை எனலாம்.

திருக்குறள் மற்றொரு செய்தியைத் தருகிறது. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்கள் பொருட்பாலில் அமைச்சு பற்றிய பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. இது தற்செயலன்று. வள்ளுவர் கூறும் சொல்வன்மை அவைக்குள் நுழையும் தகுதி பெற்றவனுக்கு உரியது. கண்ணகியோ வாயிலோனிடம் சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வர வேண்டியவள். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு தோட்டத்துக்கு வருவோம்.

கங்காணியின் சொல்

கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்தொகையினராய் வந்து சேர்ந்ததே ஓர் இணங்கவைக்கும் பேச்சின் விளைவாகும். உரிமம் பெற்ற கங்காணி தன் சொந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரையும் தன் சாதியாரையும் அழைத்து வந்தான். நல்லாடையும் நகையும் அவனுக்காகப் பேசின. மரத்தடியில் காசு கொழிக்கும் சீமை என்னும் கதை அவற்றின்மேல் ஏறி நின்றது. பேசுவோன் மீது கேட்போர் கொள்ளும் நம்பிக்கையை அரிசுடாட்டில் இணங்கவைக்கும் வழிகளுள் முதன்மையானதாகக் கருதினார். ஆனால் அந்நம்பிக்கை பேச்சினுள்ளிருந்தே எழவேண்டும், முன்பே உள்ள செல்வாக்கினால் அன்று என்றும் வரையறுத்தார். கங்காணியின் கலை இவ்வரையறைக்கு நேர் எதிரானது. 1938இல் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை அக்கலைக்குத் தேவை இருந்தது.

தோட்டத்தை அடைந்ததும் பேச்சின் ஓட்டம் ஒருவழிப்பட்டதாயிற்று. அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்படும்; ஆணை துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், பின் வரிசைக்கும் இறங்கும். முறையீடு மேலேற வேண்டுமாயின் அதே படிகளில்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் அது தேயும். 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. கூலி உயர்வோடு இக்கோரிக்கையும் ஏன் வந்தது என்பதைச் சொல்வன்மை பயிலும் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும். இறங்கி நிற்பவன் வாய்திறக்கும் முன்பே தோற்றவன் ஆகிறான்.

மேடை வந்த வகை

தமிழில் அரசியல் மேடைப்பேச்சின் தோற்றத்தைப் பெர்னார்டு பேட் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவர் மறைவுக்குப் பின் 2021இல் வெளிவந்த நூல், சீர்திருத்தக் கிறித்தவரின் மறையுரைகளிலிருந்து சுதேசி இயக்கத்தின் பொதுமேடை வரை ஒரு கோடு வரைகிறது. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளரிடையே வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆற்றிய உரைகள் அக்கோட்டின் முக்கியப் புள்ளி. பேட்டின் கவனம் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் குவிந்துள்ளது. கடல் கடந்த தோட்டப்புறம் அவ்வரைபடத்தில் இன்னும் இடம்பெற வேண்டியதாகவே உள்ளது.

மலாயாவில் மேடை சில கட்டங்களாக வந்தது. 1929 இறுதியிலும் 1930 தொடக்கத்திலும் பெரியார் ஈ. வெ. ரா. இங்குச் சுற்றுப்பயணம் செய்தார். அவர் நடை செந்தமிழ் அடுக்குமொழியன்று. வீட்டுத்திண்ணையில் வினாத் தொடுத்து வழக்காடும் நடை. அண்ணாவின் அலங்கார நடையையே திராவிட மேடையின் ஒரே அடையாளமாகக் கொள்வோர் இதை மறந்துவிடுகின்றனர். 1943இல் சுபாசு சந்திர போசின் உரைகள் மொழிபெயர்ப்பின் வழியே தமிழர் செவிக்கு எட்டின. எனினும் தோட்டத்து இளைஞரும் பெண்களும் திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். சொல்லழகு ஒன்றே இணங்கவைக்கிறது என்னும் கருத்தை மறுக்க இஃது ஒன்றே போதும். துரையின் முன் குனிந்தவரைச் சீருடையில் நிமிர்ந்து நிற்கச் சொன்ன அழைப்பில், நிற்கும் நிலையே வாதமாயிற்று.

போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை இவற்றின் வழித்தோன்றல். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி இதனைத் தொடங்கினார். அவர் லாரி ஓட்டுநராக இருந்தவர். சீருடை, அணிவகுப்பு, ஒழுக்கம், கள்ளுக்கடை மறியல் ஆகியவை இயக்கத்தின் முகங்கள். கள் எதிர்ப்பு என்றால் ஒழுக்கப் பரப்புரை என எளிதாகக் கடந்துவிடுகிறோம். அது அத்துடன் அமையவில்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை கூலியை மீண்டும் முதலாளியத்தின் பக்கமே திருப்பும் வாயில். ஆகவே குடியாதே என்று தொழிலாளியிடம் கூறியது, கடையை மூடு என்று நிருவாகத்திடம் கூறியதும் ஆயிற்று. ஒரே பேச்சு இரண்டு அவைகளை நோக்கி நின்றது.

இங்கு ஒரு சிக்கலையும் மறைத்தலாகாது. கிரேக்கர் 'பெய்தோ' என்னும் இணக்கத்தையும் 'பியா' என்னும் வன்முறையையும் எதிரெதிராக நிறுத்தினர். தொண்டர் படை அச்சுறுத்திப் பணியவைக்கிறது என்று தோட்ட நிருவாகமும் காவல்துறையும் குற்றஞ்சாட்டின. குடித்தவர் மீது சமூக அழுத்தம் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. கட்டுப்பாடு மிக்க எந்த இயக்கத்திலும் வேண்டுகோளும் மிரட்டலும் ஒட்டியே நிற்கும். ஆயினும் வன்முறை எப்பக்கத்திலிருந்து வந்தது என்பதை நாள்களே கூறுகின்றன. 1947 பிப்ரவரி 28 அன்று பீடோங்கில் மறியல் செய்தோருக்கும் காவலருக்கும் மோதல் நிகழ்ந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மார்ச் 3 அன்று டப்ளின் தோட்டத்தில் கூடியிருந்த தொழிலாளரிடையே தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சீனர் ஒருவர் பேசினார். அவரைக் கைது செய்ய முற்பட்ட காவலரைக் கூட்டத்தினர் தடுத்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து ஒருவர் மாண்டார்.

டப்ளின் நிகழ்வு பெரும்பாலும் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு வரியாகவே இடம்பெறுகிறது. சொல்வன்மை ஆய்வில் அது நடுநாயகமாக இருக்கத் தக்கது. ஒரு சீனர், பெரும்பாலும் தமிழராலான கூட்டத்தில், வேறொருவருக்குச் சொந்தமான நிலத்தில் நின்று பேசினார். அங்கே குற்றமாகக் கொள்ளப்பட்டது பேசுதல் என்னும் செயலே. ஏதென்சு நகரத்தார் 'இசெகோரியா' எனப் பேச்சுரிமைச் சமத்துவத்தைப் போற்றினர். ஏரடோட்டசு அந்நகரின் வலிமைக்கே அதனைக் காரணமாகக் காட்டினார். ஆனால் அவ்வுரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது. புகழ்பெற்ற உரையாசிரியர் லிசியாசு அயலாராகவே அங்கு வாழ்ந்தவர். மக்களவையில் பேசும் தகுதி அவருக்கில்லை. பிறர் பேசுவதற்கு உரை எழுதிக் கொடுத்தே அவர் புகழ் பெற்றார். தோட்டத்தானுக்காக மனு எழுதிய பட்டணத்து மனு எழுத்தரின் மூத்த உறவினர் இவர் எனலாம். பேசத் தெரிந்தும் பேச இடமின்மை என்பது ஏதென்சுக்கும் கெடாவுக்கும் பொதுவான நிலை.

சாமி முதலியோரின் உரைகளை நாடும் ஆய்வாளர் கையில் கிடைப்பவை யாவை? சார்லசு காம்பா 1962இலும் மைக்கேல் ஸ்டென்சன் 1980இலும் வெளியிட்ட நூல்கள் பெரிதும் பயன்படுவன. அவை எழுந்த மூலங்களில் மிகுதியும் ஆங்கில ஆவணங்கள். அங்கே தமிழ்ப் பேச்சு, 'கூட்டத்தைத் தூண்டினார்' என்னும் வகைத் தொடராகச் சுருங்கி நிற்கும். எதைச் சொல்லித் தூண்டினார், எவ்வுறவுச் சொல்லால் விளித்தார், மாரியம்மன் கோயில் முன்றிலில் நின்று பேசியபோது எக்கதையை எடுத்தாண்டார் என்பன அதில் இரா. தூசிடிடிசும் தாம் கேட்ட உரைகளை அப்படியே நினைவிற் கொள்ளல் அரிது என ஒப்புக்கொண்டு, சூழலுக்குத் தக்கவாறு அமைத்துத் தந்தார். ஆனால் அவர் அம்மொழியிலேயே எழுதினார். 1947இல் இளைஞராய் இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் விட்டன. அங்கு வாழ்ந்தோர் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் எனச் சிதறியுள்ளனர். வாய்மொழிப் பதிவுக்குரிய காலம் இனி ஆண்டுகளால் அன்று, மாதங்களால் எண்ணத் தக்கது.

தமிழாசிரியர்க்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. நம் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகள் மாணவரின் அச்சத்தைப் போக்கியுள்ளன. அதனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் அங்கு ஒலிப்பவை ஏறத்தாழ முழுவதும் அரிசுடாட்டிலின் மூன்றாம் வகையான புகழ்ச்சிப் பேச்சுகள்: தாய்மொழியின் பெருமை, அன்னையின் அன்பு, கல்வியின் சிறப்பு. அவற்றைப் பெரும்பாலும் ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருகின்றனர்; மாணவர் மனனம் செய்கின்றனர். பிளேட்டோவின் 'பைத்ரசு' உரையாடலில் இளைஞன் ஒருவன் லிசியாசின் உரைச்சுருளை மேலாடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு ஊர்ப்புறம் நடந்தபடி மனனம் செய்ய முனைகிறான். சாக்ரட்டீசு அதைக் கண்டுகொள்கிறார். எழுதிய சொல்லிடம் வினா எழுப்பினால் அது மீண்டும் மீண்டும் ஒன்றையே கூறும் என்பது அவர் முறையீடு. நடுவர் எழுந்து, 'நீ கூறியதை நான் ஏற்கவில்லை, ஏன் ஏற்க வேண்டும்?' என்று ஒரே ஒரு வினா கேட்கும் போட்டியை எந்த வட்டாரத்திலேனும் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். தலைப்பு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஊர் வாய்க்காலை யார் தூர்வார வேண்டும் என்பதே போதும். சிராக்கூசில் தொடங்கியதும் அதையொத்த ஒரு நிலத் தகராறுதான்.