ஏவுதலும் இயற்றுதலும்: லேசர்–பிளாஸ்மா முடுக்கியைத் தமிழில் விளக்கும் முறை குறித்து

முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்களைச் சுற்றியே நிகழ்கின்றன. எலக்ட்ரானா, எதிர்மின்னியா, இலத்திரனா. லேசரா, சீரொளியா என்று கேட்கிறோம். தொடரில் வினையைச் செய்வது எது என்று கேட்பது அரிது. லேசரால் இயங்கும் பிளாஸ்மா முடுக்கியைச் சான்றாகக் கொண்டு, அக்கேள்வியே முதன்மையானது என இக்கட்டுரை வாதிடுகிறது.

கருத்தா இரண்டு

‘லேசர் எலக்ட்ரான்களை முடுக்குகிறது’ என்னும் தொடர் பிழையற்ற தமிழ். ஆனால், இக்கருவி இயங்கும் முறை அதில் இல்லை. 1979ஆம் ஆண்டு தோஷிகி தஜிமாவும் ஜான் டாசனும் முன்வைத்த கருத்து வேறு. மிகக் குறுகிய, செறிவுமிக்க ஒளித்துடிப்பு பிளாஸ்மாவினூடே செல்லும்போது, வழியிலுள்ள எலக்ட்ரான்களை விலக்குகிறது. கனமான அயனிகள் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றன. அவற்றின் நேர்மின்னூட்டம் விலகிய எலக்ட்ரான்களைத் திரும்ப இழுக்கிறது. ஓடும் படகின் பின்னே அலை எழுவதுபோல, துடிப்பின் பின்னே பிளாஸ்மா அலை எழுகிறது. அதில் தக்க இடத்தில் அகப்பட்ட எலக்ட்ரான்களை முடுக்குவது அவ்வலையின் மின்புலமே.

இவ்வேறுபாட்டைச் சொல்லும் கருவி நம் இலக்கணத்திலேயே உண்டு. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா எனப் பகுப்பர். ஏரியை வெட்டுவித்த அரசன் ஏவுதற் கருத்தா. மண்ணை வெட்டியவர் இயற்றுதற் கருத்தா. இங்கு லேசர் ஏவுகிறது. பிளாஸ்மா அலை இயற்றுகிறது.

இது வெறும் சொல்நுட்பம் அன்று. உலோகக் குழிகளால் ஆன வழக்கமான முடுக்கியில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 10 கோடி வோல்ட்டைத் தாண்டினால் மின்முறிவு நேர்கிறது. ஏற்கெனவே அயனியாகிவிட்ட பிளாஸ்மா அதைப்போல ஆயிரம் மடங்கு புலத்தைத் தாங்கும். ஆற்றலின் காரணம் இயற்றுதற் கருத்தாவிடம் உள்ளது. 2019இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களை 780 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு உயர்த்தியதாக வெளியிட்டது. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்–2 வளையம் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு உரியது. அதன் சுற்றளவோ சுமார் 172 மீட்டர். அதே மையத்தில் லேசர்–பிளாஸ்மா முடுக்க ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

எனினும், இயற்றுவதை மட்டும் அளந்து ஏவுவதை மறப்பதும் பிழையே. ‘மேசைமேல் முடுக்கி’ என்னும் கவர்ச்சியான தொடரில் இம்மறதி உண்டு. பிளாஸ்மா கையளவே, அதை எழுப்பும் லேசர் அறைகளை நிரப்பும். இண்டஸ்–2இல் கற்றை மணிக்கணக்கில் சுழல்கிறது. ஆற்றல்மிக்க லேசர்களோ நொடிக்குச் சில துடிப்புகளையே தருகின்றன.

கதிர்வீச்சும் கதிரியக்கமும்

முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் பிளாஸ்மா அலைக்குள் பக்கவாட்டில் ஊசலாடும்போது எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. எதிர்த்திசையில் வரும் இன்னொரு லேசர் ஒளியைச் சிதறடித்தாலோ, அடர்ந்த உலோகத்தில் மோதினாலோ காமா கதிர்களும் தோன்றும். லேசர் நின்றால் இவ்வுமிழ்வு நின்றுவிடும். இரிடியம்–192 போன்ற கதிரியக்கப் பொருள் அப்படியன்று. அதனை மூடிவைக்கலாம், அணைக்க இயலாது. கதிரியக்கம் ஏவுதற் கருத்தா இல்லாத வினை.

இவ்விரு சொற்களையும் ஒன்றாக எழுதுவதன் விளைவை உணர, சானமாவில் வாழும் ஒரு வாசகரை எண்ணிப் பார்க்கலாம். யானைகள் வந்து தங்கும் காட்டை ஒட்டிய அவ்வூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் எல்லைப் பகுதி. அருகிலேயே ஓசூரின் ஆலைகள். தடித்த உலோக வார்ப்பின் உள்விரிசலைக் காண எக்ஸ் கதிர்க் கருவியும் பயன்படுகிறது, இரிடியமும் பயன்படுகிறது. மின்விசையை நிறுத்தியதும் எதனருகே செல்லலாம், எதனருகே செல்லலாகாது என்பது அங்கு வேலைக்குச் செல்பவருக்கு உடல்நலம் சார்ந்த கேள்வி.

முடிவுரை

கலைச்சொல் தூய தமிழா, கடன்சொல்லா என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. ‘சீரொளி முடுக்குகிறது’ என்றாலும் ‘லேசர் முடுக்குகிறது’ என்றாலும் குறை ஒன்றே. அறிவியல் கட்டுரையை மதிப்பிடும் திறனாய்வாளர், ஏவுவது எது, இயற்றுவது எது, ஏவல் நின்றபின் வினை நிற்குமா என்ற மூன்றையும் ஒவ்வொரு தொடரிலும் கேட்க வேண்டும். அதற்கான இலக்கணம் நம்மிடம் உள்ளது. அதைத் தேர்வுத்தாளுக்கு வெளியே பயன்படுத்துவதே எஞ்சியுள்ள பணி.