கத்தும் பிழை, கத்தாத பிழை: பைத்தான் 2-லிருந்து 3-க்கு வந்த கதையும் ஒரு திருத்தமும்

2011-ல் ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினேன். அப்பா ஊர் இருக்கும் தாலுகா, அம்மா ஊர் இருக்கும் தாலுகா, இரண்டிலும் உள்ள கிராமப் பெயர்களைத் திரட்டி, ஒரு பெயருக்குச் சராசரியாக எத்தனை எழுத்து என்று கணக்குப் போட்டது. இரண்டு தாலுகாவுக்கும் ஒரே சராசரி, நான்கு. "நிலம் வேறாக இருந்தாலும் பெயர் வைக்கும் நாக்கு ஒன்றுதான்" என்று பெருமையாக முடித்திருந்தேன். போன வருஷம் ஓர் ஆய்வு மாணவர் கடிதம் போட்டார். அந்தக் கணக்கைத் தன் ஆய்வேட்டில் சேர்க்கலாமா, நிரலைத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். கொடுப்பதற்கு முன்னால் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்தக் கட்டுரை அங்கேதான் ஆரம்பித்தது.

பழைய நிரல் பைத்தான் 2-ல் எழுதியது. புது மடிக்கணினியில் இருப்பது பைத்தான் 3.13. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பரில். பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தே வெளியிட்டார்கள். 2-க்கு ஆதரவு 2015-ல் முடியும் என்று முதலில் சொல்லி, பிறகு 2020 வரை தள்ளிப்போட்டார்கள். கடைசி வெளியீடான 2.7.18 வந்தது 2020 ஏப்ரலில். ஆக, மாறுவதற்குப் பன்னிரண்டு வருஷம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசத்திலும் மாறாத ஆட்களில் நானும் ஒருவன். வேலையில் மாறியாச்சு. வீட்டில் கிடந்த ஆராய்ச்சி ஸ்கிரிப்டை யார் தொடுவார்?

மாற்றும் வேலைக்குப் பைத்தான் ஆவணத்திலேயே ஒரு வழிகாட்டி முன்பு இருந்தது. பழைய நிரலைப் பைத்தான் 3-க்குக் கொண்டுவருவது எப்படி என்று படிப்படியாகச் சொல்வது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்ததில் எனக்கு ஒரு குறை தென்பட்டது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னால்தான் அது புரியும்.

முதல் பிழை பிரிண்ட். அடைப்புக்குறி இல்லாத பிரிண்டைப் பார்த்ததும் பைத்தான் 3 நின்றுவிடும். நின்றதோடு, அடைப்புக்குறி விட்டுப்போச்சு, இப்படி எழுத நினைத்தீர்களா என்று வழியும் சொல்லிவிடும். இந்த மாதிரி மாற்றங்களைத் தானே செய்துவிட டூ-டு-த்ரீ என்று ஒரு கருவி இருந்தது. 3.13-ல் அதை எடுத்துவிட்டார்கள். 3.8-ஐ இறக்கிப் பக்கத்தில் வைத்து, அதில் இருந்ததை ஓட்டினேன். பத்து நிமிஷ வேலை.

இரண்டாவது, டீகோட். பைத்தான் 2-ல் சாதாரண சரம் என்பது பைட்டுகளின் வரிசை. தமிழை எழுத்தாகக் கையாள வேண்டுமானால் டீகோட் பண்ண வேண்டும். பைத்தான் 3-ல் சரம் என்றாலே யூனிக்கோடு, அதற்கு டீகோட் என்று ஒரு வினையே கிடையாது. "அப்படி ஒரு பண்பு இல்லை" என்று சொல்லி நின்றது. அந்த வரியை எடுத்தேன். தீர்ந்தது.

மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது. கோப்பைத் திறந்து படிக்கும் இடத்தில், 8டி என்ற பைட்டை என்னால் படிக்க முடியவில்லை என்று கத்தியது. விண்டோஸில் பைத்தான் 3, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், கோப்பை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது. கணினியின் உள்ளூர்க் குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். என் கணினியில் அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252. அந்தப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: 81, 8டி, 8எஃப், 90, 9டி. யூடிஎஃப்-8-ல் நம் புள்ளியின் கடைசி பைட்டு 8டி. உகரக் குறிக்கு 81, ஏகாரத்துக்கு 8எஃப், ஐகாரத்துக்கு 90. அதனால் "தமிழ்" என்ற சொல்லைப் படிக்கச் சொன்னால் கடைசிப் புள்ளியில் தடுக்கி விழும். ஆனால் "மாமா" என்று மட்டும் ஒரு கோப்பில் இருந்தால் ஒரு சத்தமும் வராது. மேலே கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாக, குப்பையாக, அமைதியாக உள்ளே போய்விடும். புள்ளி நம்மைக் காப்பாற்றுகிறது என்றே சொல்லலாம்.

இந்தப் பிழைக்கு இணையத்தில் தேடினால் அடிக்கடி கிடைக்கும் மருந்து, "எரர்ஸ் ஈக்குவல்ஸ் இக்னோர்" என்று ஒரு சொல்லைச் சேருங்கள் என்பது. பிழை நின்றுவிடும், உண்மைதான். நோய் நிற்காது. காலி இடத்தில் விழும் பைட்டை மட்டும் எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குப்பையாகவே உள்ளே விடும். டிஸ்கி குறியேற்றத்தில் இருக்கும் பழைய கோப்பை யூடிஎஃப்-8 என்று சொல்லி, கூடவே இந்த இக்னோரையும் போட்டுத் திறந்து பாருங்கள். தமிழ் அநேகமாக மொத்தமும் போய், ஆங்கிலமும் எண்களும் மட்டும் மிஞ்சும். வீட்டில் புகை மணி அடிக்கிறதே என்று மணியைக் கழற்றி வைக்கிற வைத்தியம் இது. சரியான வழி ஒரே வரிதான்: ஓப்பன் பண்ணும்போது கோப்பு எந்தக் குறியேற்றத்தில் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிடுங்கள். நிறைய இடத்தில் எழுத வேண்டியிருந்தால், 3.7 முதல் இருக்கும் யூடிஎஃப்-8 மோடை இயக்கிவிடலாம்.

நான்காவது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்ற பிழை. சராசரி எடுக்கும் வரியில் வந்தது. ஊர்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்றது. நூற்றுக்கணக்கான ஊர் எங்கே போச்சு? வரிவரியாகப் பின்னால் போனேன். பட்டியலில் ஆங்கிலமோ எண்ணோ கலந்த வரிகளைத் தள்ள, தேடல் கோவையில் "பின்சாய்வு, டபிள்யூ" போட்டிருந்தேன். பைத்தான் 2-ன் பைட்டுச் சரத்தில் அதற்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு என்று மட்டுமே பொருள். பைத்தான் 3-ல் அதே குறிக்கு எந்த மொழியின் எழுத்தும் பொருந்தும். தமிழ் வரிகள் எல்லாம் "ஆங்கிலம் கலந்தவை" ஆகித் தள்ளப்பட்டுவிட்டன. கத்தியது ஓர் இடம், காயம் வேறு இடம். ஆஸ்கி கொடியைச் சேர்த்ததும் ஊர்கள் திரும்பி வந்தன.

நிரல் ஓடியது. நிம்மதியாக விடையைப் பார்த்தேன். ஒரு தாலுகாவுக்கு நாலே கால் பக்கம், இன்னொன்றுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. 2011-ல் இரண்டும் நான்கு!

மனுஷ புத்தியைப் பாருங்கள். புதுப் பைத்தான் ஏதோ கெடுத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு முழு மாலை மாற்றின வரிகளையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் மாற்றாத வரியில் போய் நின்றேன். மொத்த எழுத்தை ஊர்களின் எண்ணிக்கையால் வகுக்கும் வரி. பைத்தான் 2-ல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டுப்படும், 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2. பைத்தான் 3-ல் 2.5. கெடுத்தது புதுசு இல்லை. பதினான்கு வருஷமாகக் கெட்டுக் கிடந்ததைப் புதுசு காட்டிக்கொடுத்தது. "ஒரே நாக்கு" என்ற என் முடிவு, நாக்கால் வந்ததில்லை, வகுத்தல் குறியால் வந்தது.

இப்போது வழிகாட்டிக்கு வருகிறேன். நியாயமாகச் சொல்ல வேண்டும். வகுத்தல் மாறியிருப்பதை அது மறைக்கவில்லை. பைட்டும் எழுத்தும் வேறு என்பதையும் விரிவாகவே சொல்கிறது. என் குறை அது போடும் வரிசையில். தொடக்கத்திலேயே அது கேட்பது நல்ல சோதனைகள் உங்களிடம் இருக்கின்றனவா என்று. பிறகு கருவியை ஓட்டு, சார்ந்திருக்கும் நூலகங்களைப் பார், இரண்டு பதிப்பிலும் தொடர்ந்து சோதி. அலுவலகத்தில் இருபது பேர் பார்க்கும் நிரலுக்கு இது சரி. என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை நிரலருக்குச் சோதனை என்று ஏது? பழைய விடை ஒன்றுதான் சோதனை. பழைய விடையே தப்பு என்றால், அதோடு ஒத்துப்போகும் வரை புது நிரலை நெளித்துவிட்டு வெற்றி என்று சொல்லிக்கொள்வோம். இரண்டு சாய்வுக்கோடு போட்டால் பைத்தான் 3-லும் பின்னம் வெட்டுப்படும். அந்த மாலையில் அதைச் செய்ய நான் ஒரு விரல் தூரத்தில்தான் இருந்தேன்.

என்னைக் கேட்டால் மாறுதல் பிழைகளை அவற்றின் சத்தத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். வாசலிலேயே கத்துவது பிரிண்ட் மாதிரி, அதற்கு வழிகாட்டியே வேண்டாம். உள்ளே வந்து கத்துவது டீகோட், குறியேற்றம் மாதிரி, அதற்குப் பொறுமை போதும். மூன்றாவது வகை கத்தவே கத்தாது. வகுத்தல் அந்த வகை. ரவுண்டும் அப்படித்தான்: 2.5-ஐ முழுமையாக்கினால் முன்பு 3, இப்போது 2, ஏனென்றால் சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளுகிறது. மேப் முன்பு பட்டியல் கொடுத்தது, இப்போது ஒருதடவை சுற்றினால் தீர்ந்துபோகும் ஒன்றைக் கொடுக்கிறது. இரண்டாவது தடவை சுற்றினால் காலி, பிழைச் செய்தி கிடையாது. பைட்டையும் எழுத்தையும் ஒப்பிட்டால் "சமமில்லை" என்று சாதுவாகச் சொல்லிவிட்டுப் போகும். வழிகாட்டியின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது இந்த நான்கும்தான்.

இவற்றைக் கத்த வைக்கவும் வழி உண்டு. பைத்தான் 2.7 இன்னும் இறக்கக் கிடைக்கிறது. பழைய நிரலை அதில் "கழித்தல் 3" என்ற கொடியோடு ஓட்டினால் பழைய பாணி வகுத்தலை வரி எண்ணோடு எச்சரிக்கும். மாற்றிய நிரலைப் பைத்தான் 3-ல் "கழித்தல், இரண்டு பி" கொடியோடு ஓட்டினால் பைட்டு, எழுத்து ஒப்பீடு பிழையாகவே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது பெயரை எடுத்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நான் கடைசியில் அதைத்தான் செய்தேன். விரலும் பைத்தான் 3-ம் ஒத்துப்போயின.

அதற்காகப் பைத்தான் 3-க்குக் கோவில் கட்ட வேண்டியதில்லை. தமிழுக்கு அது பாதி தூரம்தான் வந்திருக்கிறது. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். பைத்தான் 2-ன் சாதாரண சரத்தில் 15, அது பைட்டுக் கணக்கு. பைத்தான் 3-ல் 5, அது குறிப்புள்ளிக் கணக்கு. ஒன்றாம் வகுப்புக் குழந்தையைக் கேட்டால் 3. "தமிழ்" என்று மாறிக்குப் பெயர் வைக்கப் பைத்தான் 3 அனுமதிக்கும். அதே சொல் முழுக்க எழுத்துகளால் ஆனதா என்று இஸ்-ஆல்ஃபா மூலம் கேட்டால் இல்லை என்கும், ஏனென்றால் இகரக் குறியும் புள்ளியும் அதன் பார்வையில் எழுத்து இல்லை. மேலே சொன்ன "பின்சாய்வு, டபிள்யூ" கோவையால் சொல்லைப் பிரித்தால் "தம" ஒரு துண்டு, "ழ" ஒரு துண்டு. வரிசைப்படுத்தினால் னகரம் பகரத்துக்கு முன்னால் வந்து உட்காரும், வகரம் ழகரத்துக்குப் பின்னால் போகும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. யூனிக்கோடு இயல்பாக்கம் செய்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இவை எதற்கும் அது கத்தாது. நீங்களே எழுத்தைப் பிரிக்கும் செயற்கூறு எழுதலாம், அல்லது ஓப்பன்-தமிழ் போன்ற நூலகத்தை எடுக்கலாம்.

மாணவருக்குப் புது நிரலையும் புது விடையையும் அனுப்பினேன், பழைய முடிவைச் சேர்க்க வேண்டாம் என்ற வரியோடு. "நல்ல வேளை கேட்டேன் சார்" என்று பதில் போட்டார். கேட்டிருக்காவிட்டால் அந்தத் தப்பு ஓர் ஆய்வேட்டில் அச்சாகி, அதிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கும். அதற்கு மேல் பிடிக்க முடியாது.

2011 குறிப்பை நான் அழிக்கவில்லை. தலைப்புக்குக் கீழே திருத்தம் போட்டாச்சு: இரண்டு தாலுகாவின் சராசரியும் ஒன்றல்ல, ஒன்று என்று எழுதியது வகுத்தல் பிழை. ஏன் வேறுபடுகிறது என்று இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை. பெயர்களின் ஈறுகளை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டியைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை குறியேற்றத்தை முதல் வரியிலேயே எழுதிவிட்டு.