ஏரி எப்படி நகரும்? ஹைரூல் வரைபடமும் நம் குமரி வரைபடமும்

"அப்பா, பழைய கேம்ல இந்த ஏரி கிழக்கால இருந்துச்சு. அடுத்ததுல மேற்கால போயிடுச்சு. ஏரி எப்படிப்பா நகரும்?"

என் மகன் பத்து வயதில் கேட்ட கேள்வி இது. "விளையாட்டு தானேடா, விடு" என்று அன்று சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நான் பிறந்தது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில், கார்வேட்டிநகரத்தில். வரைபடம் என்றாலே எங்க ஊர்க்காரனுக்குக் கொஞ்சம் வலிக்கும். அதனால் அவன் சொன்ன நாட்டை நானும் போய்ப் பார்த்தேன்.

அந்த நாட்டின் பெயர் ஹைரூல். 1986-ல் ஜப்பானில் மியாமோட்டோ ஷிகேருவும் தெசூகா தகாஷியும் தொடங்கிய 'தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா' என்ற வீடியோ விளையாட்டுத் தொடரின் கற்பனை நாடு. ஒவ்வொரு விளையாட்டிலும் அதே பெயர்கள் திரும்ப வரும். இடங்கள் மட்டும் மாறும். 1991-ல் வந்த விளையாட்டில் ஹைலியா ஏரி தென்கிழக்கில். 1998-ல் வந்ததில் தென்மேற்கில். முன்னதில் மேற்கே இருந்த ககாரிகோ கிராமம், பின்னதில் கிழக்கே மரண மலையின் அடிவாரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது! இதற்கு விளக்கம் தேடி ரசிகர்கள் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார்கள். நம் உரையாசிரியர்கள் பாடபேதத்துக்கு வாதாடியதற்குச் சற்றும் குறையாத சிரத்தை.

மூன்று கட்சிகள்

அவர்களை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது காலக் கட்சி. ஒரு விளையாட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. ஆறு திசைமாறும், ஏரி தூர்ந்துபோகும் என்பது இவர்கள் வாதம். 2011-ல் வெளிவந்த 'ஹைரூல் ஹிஸ்டோரியா' என்ற அதிகாரபூர்வ நூல் காலவரிசை ஒன்றைக் கொடுத்தது இவர்களுக்குப் பலம். பலவீனம் என்னவென்றால், காலம் எதையும் செய்யும் என்று சொல்லிவிட்டால் விளக்க முடியாதது எதுவுமே இருக்காது. எல்லாவற்றையும் விளக்கும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. ஆனால் இக்கட்சியில் ஒரு கிளை நுட்பமானது: நகர்ந்தது ஊர் அல்ல, ஊரின் பெயர்; குடிபெயர்ந்தவர்கள் பழைய பெயரைப் புதிய இடத்துக்கு வைத்தார்கள் என்பது. கடல் கடந்து வந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது கடல்கோள் கட்சி. ஆம், அங்கேயும் கடல்கோள் உண்டு! 2002-ல் ஜப்பானில் வெளியான 'தி விண்ட் வேக்கர்' விளையாட்டில் பழைய ஹைரூல் கடலுக்கடியில் கிடக்கிறது. மிஞ்சிய தீவுகள் அன்றைய மலைச் சிகரங்கள். எந்தத் தீவு எந்த மலை என்பதே சண்டை. டிராகன் ரூஸ்ட் என்ற தீவில் எரிமலை இருப்பதால் அது மரண மலை என்பார் ஒருவர். இல்லை, அங்கே வாழும் பறவை மனிதர்கள் ஸோரா என்னும் நீர்வாழ் மக்களின் வழிவந்தவர்கள். ஆகவே அது ஸோராக்களின் இடம் என்பார் மற்றொருவர். 2017-ல் வந்த 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டில் பாறை உப்பு என்று ஒரு சமையல் பொருள் கிடைக்கும். அதன் சின்னக் குறிப்பில் அது பண்டைக் கடலின் உப்பு என்று இருக்கிறது. அந்தச் சிட்டிகை உப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, இந்த நிலமும் ஒருகாலத்தில் கடலடியில் இருந்தது என்று வாதிடுகிறார்கள். கண் கூர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு சிட்டிகை உப்பால் ஒரு சமுத்திரத்தை நிரப்ப முடியாது.

மூன்றாவது கதைசொல்லிக் கட்சி. தொடரின் பெயரிலேயே 'லெஜெண்ட்' இருக்கிறது. இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சொல்பவன் மாறினால் ஏரியும் மாறும் என்பது இவர்கள் கொள்கை. தலபுராணங்களோடு வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும். நான் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். என்னைச் சாய்த்தது 2006-ல் வந்த 'ட்வைலைட் பிரின்சஸ்'.

அந்த விளையாட்டு இரண்டு கருவிகளுக்கு வந்தது. 'கேம்க்யூப்' வடிவத்தில் பாலைவனம் மேற்கே. 'வீ' வடிவத்தில் அதே பாலைவனம் கிழக்கே. பூகம்பமா? பிரளயமா? ஒன்றுமில்லை. 'வீ' கருவியில் கையை வீசித்தான் வாள் வீச வேண்டும். ஆடுபவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். கதைநாயகன் லிங்க் இடக்கைக்காரன். அவனை வலக்கைக்காரனாக்க, நாடு முழுவதையும் கண்ணாடியில் பார்த்தாற்போல் இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். ஒரு கைக்காக ஒரு நாடே திரும்பியது! காலக் கட்சியும் கடல்கோள் கட்சியும் இந்த இடத்தில் வாயடைத்துப் போகின்றன. வரைபடத்தைப் படிக்குமுன் வரைந்த கை எது, அதற்கு என்ன தேவை என்று கேட்க வேண்டும். இதுதான் நான் கற்ற பாடம்.

நம் வீட்டு வரைபடம்

சில மாதம் கழித்து மகன் இரண்டாவது கேள்வியோடு வந்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் குமரிக்கண்டப் படத்தைப் பார்த்திருக்கிறான். "அப்பா, நம்ம நாடும் விண்ட் வேக்கர் மாதிரி முழுகிப் போச்சா?"

இதற்கு "விடுடா" என்று சொல்ல முடியாது. அதே கேள்வியை இங்கேயும் கேட்டேன்: வரைந்த கை எது?

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதம், நாற்பத்தொன்பது நாடுகள், கடல்கொண்டன என்கிறார். இது நம் கை. மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்த நிலப்பரப்பு அவர் சொன்னதல்ல. அது 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் இனங்களின் பரவலை விளக்க ஊகித்த 'லெமூரியா'. கண்டங்களே நகர்கின்றன என்று 1960-களில் நிலவியல் உறுதிசெய்தபின் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் நாம் உரையாசிரியரின் பட்டியலை விலங்கியலாளரின் கண்டத்தின் மேல் ஒட்டிவிட்டோம். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் அரசு ஆவணப்படமாகவே அது ஓடியது.

அப்படியானால் எல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு விட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஈழத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே நடந்து போகலாம். கரையோர நிலம் மூழ்கியது உண்மை. கண்டம் மூழ்கியதற்குத்தான் சான்று இல்லை. ஹைரூல் ரசிகர்கள் உப்பிலிருந்து சமுத்திரத்துக்குத் தாவினார்கள். நாம் கரையிலிருந்து கண்டத்துக்குத் தாவினோம். ஒரு வேற்றுமை: தோற்றால் அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கொள்கைக்குப் போகிறார்கள். நமக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

நகராத ஊர்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகச் சொல்கிறது. தெற்கெல்லையில் இல்லாத நிலத்துக்கு எத்தனை படம் வரைந்தோம்! வடக்கெல்லையில் இருக்கிற நிலத்தை எத்தனை பேர் பார்த்தோம்?

கார்வேட்டிநகரம் ஜமீன் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு சித்தூர் மாவட்டம். 1953-ல் ஆந்திர மாநிலம், 1956-ல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி. போன்றோர் போராடியபின், படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நாங்கள் அந்தப் பக்கமே நின்றோம். 2022-ல் சித்தூரையும் பிரித்துத் திருப்பதி மாவட்டம் பிறந்தது. இத்தனைக்கும் எங்க ஊர் புஷ்கரணியும் வேணுகோபால சுவாமி கோயிலும் ஓர் அடிகூட நகரவில்லை. தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசிக்கொண்டு நாங்க அங்கேயே தான் இருந்தோம்.

இங்கே வந்தபின் ஒரு சங்கத்தின் படிவத்தில் 'தமிழ்நாட்டில் எந்த மாவட்டம்?' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'வேங்கடத்துக்கு இந்தப் பக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

போன கோடையில் மகனை ஊருக்குக் கூட்டிப்போய்ப் புஷ்கரணிப் படிக்கட்டில் உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "அப்போ ஏரி நகரலப்பா. படம் போடுறவங்கதான் நகர்றாங்க."

குமரியைத் தேட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேடுகிற கண்ணில் பாதியை வேங்கடத்தின் பக்கமும் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். அங்கே மூழ்காத ஊர்கள் இருக்கின்றன.