எண்பதுகளின் டோனை நாமே செய்ய: யமஹா ரீஃபேஸ் டி.எக்ஸ்

மணியோசையும் பியானோவும் கலந்து ஒலிக்கும் எண்பதுகளின் அந்தக் கீபோர்டு டோனைக் கேட்டவுடன் அடையாளம் சொல்பவர்கள் நம்மில் ஏராளம். அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது யமஹா 1983ல் வெளியிட்ட டி.எக்ஸ்.7 சின்தசைசர். அந்தக் குடும்பத்தில் 2015ல் வந்த குட்டி வாரிசுதான் ரீஃபேஸ் டி.எக்ஸ். இரண்டாம் கையாக வாங்கிய ஒன்றை ஆரம்பாக்கத்தில் வைத்துப் பல மாதங்களாக வாசித்து வருகிறேன். பழைய டோன்கள் இதில் வருகின்றனவா என்றால், வருகின்றன. நான் சோதித்துப் பார்க்க விரும்பியது வேறு: நமக்கு வேண்டிய டோனை நாமே உட்கார்ந்து செய்ய இந்தப் பெட்டி வழிவிடுகிறதா?

அந்தக் கேள்விக்கு இந்த ஊரே காரணம். சென்னை–கூடூர் ரயில் பாதையில் ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரிப் பக்கம் இருக்கிறது ஆரம்பாக்கம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும். ஏரிக்கரைக் குப்பங்களில் அம்மன் திருவிழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைத்தால், வயலின், குழல், நாதஸ்வரம், ஷெனாய் எல்லாவற்றுக்கும் கீபோர்டுக்காரர் ஒருவரே பொறுப்பு. அவர் கையில் இருக்கும் கீபோர்டில் ஆயத்த டோன்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எண்ணைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் குழல். அருமையாக வாசிக்கிறார்கள். ஆனால் அந்த டோன்களில் ஒன்றைக்கூட அவர்கள் செய்யவில்லை. செய்யலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதும் இல்லை.

எண்களாக அச்சான ஒலி

எண்பதுகளில் அதைச் சொல்ல இதழ்கள் இருந்தன. அமெரிக்காவில் 1975ல் தொடங்கிய 'கீபோர்டு' இதழில், மூக் சின்தசைசரை உருவாக்கிய பாப் மூக்கே பத்தி எழுதினார். பிரிட்டனில் 'சவுண்ட் ஆன் சவுண்ட்' 1985ல் வந்தது. பேட்டி, விமர்சனம், விளம்பரம் இவற்றுக்கு நடுவே அந்தக் கால இதழ்கள் அட்டவணைகளையும் அச்சிட்டன. டி.எக்ஸ்.7ல் ஒரு டோன் என்பது 145 எண்கள். பெயருக்கு 10 எழுத்துகள். இதழை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக உள்ளிட்டால், எங்கோ ஒருவர் செய்த டோன் உங்கள் கருவியில் ஒலிக்கும். பாதி வழியில் ஓர் எண்ணை மாற்றிப் பார்த்தால் அது உங்கள் டோன். அந்த இதழ்களின் மேல் எனக்கு இன்றும் தீராத அன்பு இருப்பது இதனால்தான். வாசகரை அவை வெறும் வாங்குபவராக வைத்திருக்கவில்லை.

சென்னையில் அன்று சின்தசைசர் எளிதில் கைக்கு வரும் பொருள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், விலையோடு இறக்குமதி வரியும் சேரும். அதனால் வாடகைக்கு எடுப்பதே வழக்கம். மலையாளத் திரையிசையில் பணியாற்றிய ஆர்.கே. சேகர் 1976ல் மறைந்தபின், அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் வாழ்ந்தது. அந்த வீட்டுப் பையன் பின்னர் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தார். இன்று அவர் ஏ.ஆர். ரஹ்மான். இளையராஜா இசையில் 1986ல் வந்த 'புன்னகை மன்னன்' பதிவில் யமஹாவின் சி.எக்ஸ்.5.எம். என்ற இசைக் கணினி பயன்பட்டது.

இந்த விமர்சனத்துக்கு அந்தக் கணினி முக்கியம். அதன் ஒலிப் பகுதியில் ஒரு டோனுக்கு 4 ஆபரேட்டர்கள், அதாவது ஒலி அலையை உண்டாக்கும் அலகுகள். ஒரே நேரத்தில் 8 ஸ்வரங்கள் ஒலிக்கும். ரீஃபேஸ் டி.எக்ஸும் அதே 4, அதே 8. பெயரில் டி.எக்ஸ். இருந்தாலும், 6 ஆபரேட்டர்களும் 16 ஸ்வரங்களும் கொண்ட டி.எக்ஸ்.7ஐவிட, தமிழ்த் திரையிசைக்குள் நுழைந்த அந்தக் கணினிக்கே இது நெருங்கிய சொந்தம்.

உள்ளே நடப்பது என்ன

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் எளிதில் பிடிபடும். ஒரு ஸ்வரத்தை மேலும் கீழும் அசைத்தால் கமகம். அந்த அசைவை விநாடிக்கு நூறு, ஆயிரம் முறை என்று வேகப்படுத்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் காதுக்கு அசைவு தெரியாது. ஒலியின் குணமே மாறிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967ல் கண்டுபிடித்தது இதைத்தான். யமஹா அதற்கு உரிமம் பெற்று வளர்த்தெடுத்த எஃப்.எம். (அதிர்வெண் பண்பேற்றம்) முறையில், ஓர் ஆபரேட்டர் பாடும், இன்னொன்று அதை அசைக்கும். எது எதை அசைக்கிறது என்ற அமைப்புக்கு அல்காரிதம் என்று பெயர். டி.எக்ஸ்.7ல் 32 அல்காரிதம்; ரீஃபேஸில் 12. நான்கே ஆபரேட்டர் என்பதால் முழு அமைப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது. கற்பவருக்கு இந்தக் குறைவு ஒரு வரம்.

கைக்கு எப்படி

டி.எக்ஸ்.7ன் எடை 14 கிலோவுக்கு மேல். இது 1.9 கிலோ, தோள்பையில் வைத்து ரயிலில் கொண்டுபோகலாம். 37 கட்டைகளும் சிறியவை. ஆனால் அழுத்தத்துக்கு ஏற்பத் துல்லியமாகப் பதில் சொல்கின்றன. மெதுவாகத் தொட்டால் மென்மை, ஓங்கித் தட்டினால் உலோகக் கணீர். எஃப்.எம்முக்கு இது உயிர்நாடி.

டோன் செய்ய நான்கு தொடுபட்டைகள், ஓர் ஆபரேட்டருக்கு ஒன்று. அதிர்வெண், அளவு, ஃபீட்பேக் (ஆபரேட்டர் தன்னைத்தானே அசைப்பது) மூன்றையும் விரலை நகர்த்தியே மாற்றலாம். சின்னத் திரை உடனே காட்டும். டி.எக்ஸ்.7ல் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே திருத்தலாம் என்ற கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. ஒவ்வோர் ஆபரேட்டருக்கும் தனி ஃபீட்பேக் இருப்பதால், நான்கைக் கொண்டே நாதஸ்வரத்துக்கு வேண்டிய காரமான ஒலியும் எடுக்க முடிகிறது. ஒற்றை ஸ்வர முறைக்கு மாற்றி, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் வசதியையும் போட்டுவிட்டால் மோகன ராக ஆலாபனை சுகமாக வருகிறது.

ஏரிக்காற்றில்

மின்சாரம் இல்லாதபோதும் வாசிக்கலாம். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அளவிலான செல் 6 போட்டால் ஐந்து மணி நேரம் தாங்கும் என்கிறது யமஹா. ஒரு மாலைப் பயிற்சிக்கு அது தாராளம். உள்ளேயே இரண்டு ஸ்பீக்கர்கள் உண்டு. திண்ணைக்குப் போதும், வெட்டவெளியில் காற்றடித்தால் அடித்தொனி காணாமல் போகிறது. கச்சேரிக்கு மிக்ஸரில் செருகியே ஆகவேண்டும். செருகினால் அந்தச் சின்ன உடம்பிலிருந்தா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

உப்புக்காற்று படும் ஊர்களில் பழைய கீபோர்டுகளின் திருகுகளும் நெம்புகளும் சில ஆண்டுகளில் கரகரக்கத் தொடங்கும். டோன் திருத்தும் இடத்தில் திருகே இல்லாமல் தொடுபட்டைகள் இருப்பது இங்கே நல்லதுதான். ஆனால் வியர்த்த விரலோடு தொட்டால் எண் தாவிக் குதிக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். வாசித்து முடித்ததும் துணியால் மூடி வைப்பதும் நல்லது.

செய்து பாருங்கள்: கோவில் மணி

பழைய இதழ்களின் வழியில் இதோ ஒரு டோன். ஓர் ஆபரேட்டர் இன்னொன்றை அசைக்கும் அல்காரிதம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டின் அளவையும் பூஜ்யமாக்குங்கள். பாடுவதன் அதிர்வெண் விகிதம் 1.00. அசைப்பதன் விகிதம் 1.40. இரண்டும் தட்டியவுடன் தொடங்க வேண்டும். பாடுவது நெடுநேரம் தேய்ந்து அடங்கட்டும். அசைப்பது அதற்கு முன்பே அடங்கட்டும். வெண்கல மணி கேட்கும். அசைப்பதை 2.00 ஆக்கி, ஒலி அடங்காமல் நிற்கும்படி வைத்தால் கிளாரினெட் பக்கம் போகும். முழு எண் விகிதங்கள் சுருதி சேர்ந்து நிற்கும், பின்னங்கள் உலோகமாகும். இந்த ஒரு விதி பிடிபட்டால் பாதி எஃப்.எம். கைவசம்.

குறைகள்

சேமிக்க 32 இடம்தான். 4 ஆபரேட்டர் என்பதால் டி.எக்ஸ்.7ன் டோன்களை அப்படியே ஏற்ற முடியாது. 37 சிறிய கட்டைகளில் இரு கையாலும் முழுப் பாட்டு வாசிப்பது சிரமம்; பெரிய கீபோர்டு ஒன்றை மிடி வழியாக இணைத்தால் தீரும், ஆனால் அதற்குத் தனி இணைப்புக் கம்பி தேவை. தாளம், ஸ்டைல் எதுவும் இல்லை. திருவிழாக் கச்சேரிக்கு இது ஒன்றை மட்டும் நம்பிப் போக முடியாது.

வாங்கலாமா?

கையில் ஏற்கெனவே ஒரு கச்சேரிக் கீபோர்டு இருந்து, சொந்த டோன் வேண்டும் என்ற ஆசை இருப்பவர்கள் நல்ல நிலையில் உள்ளதைத் தேடி வாங்கலாம். சிறுவர்களுக்கு முதல் கீபோர்டாக வேண்டாம். அவர்களுக்குப் பெரிய கட்டைகள்தான் சரி. செலவே முடியாதென்றால் டெக்ஸ்டு என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்குங்கள். அது 6 ஆபரேட்டரோடு டி.எக்ஸ்.7ஐ அடியொற்றியது, அந்தக் காலத்து டோன் கோப்புகளும் அதில் திறக்கும். மேலே சொன்ன மணியும் அப்படியே வரும்.

'கீபோர்டு' இதழ் 2017ல் தனி இதழாக வருவது நின்றது. டோன் பரிமாற்றம் நிற்கவில்லை. ரீஃபேஸுக்காக யமஹா தொடங்கிய சவுண்ட்மோண்டோ இணையதளத்தில் உலகெங்கும் உள்ளவர்கள் செய்த டோன்களை இலவசமாக எடுக்கலாம், நம்முடையதையும் ஏற்றலாம். அங்கே மின்சாரப் பியானோ குவிந்து கிடக்கிறது. பம்பையும் உறுமியும் நாதஸ்வரமும் நம் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். வாங்கினால் மணியில் தொடங்குங்கள். ஒன்று சரியாக வந்ததும் எண்களை நோட்டில் எழுதி, அடுத்த குப்பத்துக் கீபோர்டுக்காரரிடம் கொடுங்கள்.