கணக்கு முறைக்குக் காப்புரிமை உண்டா?

எழுமலையில் கடையும் உசிலம்பட்டியில் கிடங்கும் வைத்திருக்கும் வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரண்டு இடத்துக் கணிப்பொறிகளிலும் இருப்புக் கணக்கு ஒன்றுபோல் இருக்க வேண்டும். இவ்வேலைக்குத் தரவு ஒத்திசைவு என்று பெயர். ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கையும் அனுப்புவது வீண். கணக்கைத் துண்டுகளாக்கி, துண்டுக்கொரு சரிபார்ப்பு எண் கணித்து, அவ்வெண்களை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கெராஸ் இருவரும் 1996-இல் 'ஆர்சிங்க்' என்னும் நிரலில் இந்த உத்தியைக் கையாண்டனர். மூலநிரலுடன் அதை வெளியிட்டதால் உலகெங்கும் பரவிற்று.

இத்தகைய உத்திக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடைக்குமா? 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கணித முறை, வணிக முறை, படிமுறை, 'தன்னளவிலான' கணிப்பொறி நிரல் ஆகியவற்றை விலக்குகிறது.

'தன்னளவிலான' என்ற சொல்லில்தான் சிக்கல். சட்டம் அதற்கு விளக்கம் தரவில்லை. புதிய வன்பொருளும் வேண்டும் என்றது காப்புரிமை அலுவலகத்தின் 2016 வழிகாட்டுநெறி. 2017 நெறி அதை நீக்கியது. இணையத் தகவலைப் பெறும் முறை ஒன்றுக்காக ஃபெரிட் அலானி தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், 'தொழில்நுட்ப விளைவு' இருந்தால் நிரலைச் சார்ந்த கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை உண்டு என்றது. அவருடைய விண்ணப்பமோ 2002-ஆம் ஆண்டினது! காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டுகள்தான்.

சலவை இயந்திரத்துக்குள்ளும் நிரல் இயங்கும் இந்நாளில் நீதிமன்றத்தின் கருத்து நியாயமே. ஆனால் விளைவை அளக்கும் கோல் எது? நேரமும் நினைவகமும் மிச்சமாவதே தொழில்நுட்ப விளைவு என்றால், நல்ல கணக்கு முறை அனைத்துக்கும் அது உண்டு. குறுக்கு வழியில் பெருக்கினால் தாளும் மையும் மிச்சமாகும். அதனால் பெருக்கல் ஒரு கருவியாகிவிடுமா?

அளவு சொல்லாத விளைவை இயற்பியல் ஏற்பதில்லை. எந்தப் பொருளில், எவ்வளவு மாற்றம், எவ்வாறு அளந்தீர் என்று விண்ணப்பதாரரைக் கேட்க வேண்டும். கருவியின் இயக்கம் மாறினால் காப்புரிமை தரலாம். கணக்கு மட்டும் சுருங்கினால் தரலாகாது.

நிரல் எழுதியவருக்கு அப்போதும் காப்பு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவர் எழுதிய வரிகளைக் காக்கிறது. அதே கருத்தைத் தம் சொந்த வரிகளில் எழுதும் உரிமை மட்டும் பிறருக்கு இருக்கும். அவ்வுரிமை நிலைத்தால்தான், பெருநிறுவனம் எதனிடமும் அனுமதி கேளாமல், எழுமலை மாணவர் ஒருவர் தம் ஊர்க் கடைக்கு ஒத்திசைவு நிரல் எழுத முடியும்.